கரண்டு திரும்பினால் தானாகத் திறக்கும் ஆட்டோகேட்: வயரிங்கில் எங்கே பார்ப்பது?

கேள்வி இது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டில் பக்கவாட்டில் ஓடும் ஆட்டோகேட் இருக்கிறது. 12 வோல்ட் டிசி மோட்டார், ஒரு கண்ட்ரோல் போர்டு, 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. தம்பி ஒருவர் அதோடு ஒரு இஎஸ்பி32-ஐயும் (வைஃபை உள்ள சின்ன கணினி போர்டு) ஒரு 5 வோல்ட் ரிலே மாட்யூலையும் (கட்டளை வந்தால் சேரும் மின் சுவிட்ச்) சேர்த்து, கைப்பேசியிலேயே கேட்டைத் திறக்கிற மாதிரி செய்திருக்கிறார். மூன்று தொல்லை. முதலாவது, கரண்டு போய்த் திரும்பினால் கேட் தானாகத் திறந்துகொள்கிறது. இரண்டாவது, கைப்பேசியில் அழுத்தினால் ரிலே 'டிக்' என்கிறது, ஆனால் கேட் சில நேரம்தான் நகர்கிறது. நகரும்போது இஎஸ்பி ரீஸ்டார்ட் ஆகிறது, சில தடவை எழுந்திருப்பதே இல்லை, பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் உயிர் வருகிறது. மூன்றாவது, மழை பெய்தால் மூடியிருக்கிற கேட்டைத் திறந்திருப்பதாகக் காட்டுகிறது. "புரோகிராமைப் பல தடவை மாற்றி எழுதிவிட்டேன் அண்ணே, போர்டையே மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

போர்டை மாற்ற வேண்டாம் தம்பி. புரோகிராமையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் இஎஸ்பி நன்றாகத்தான் இருக்கிறது. கேட் போர்டின் 12 வோல்ட் முனையிலிருந்து 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் எடுத்திருக்கிறீர்கள். ரிலே 'லோ டிரிகர்' வகை, கட்டளை வாங்கும் அதன் ஐஎன் முனை இஎஸ்பியின் ஜிபிஐஓ 12 என்ற காலில். கேட் மூடியிருக்கிறதா என்று பார்க்கும் ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் சேரும் சுவிட்ச்) ஜிபிஐஓ 34-இல். அந்த சுவிட்சின் வயர் சுமார் 12 மீட்டர், மோட்டார் வயர் போகும் அதே பைப்புக்குள் போகிறது. உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் இந்த நான்கு விவரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் நான் சொன்னேன் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி மாற்றாதீர்கள். ஒன்றை அளந்து, ஒன்றை மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போய்விடும், தொல்லை திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கை வைக்கும் முன் பாதுகாப்பு. கேட் பெட்டிக்குள் வருகிற தெனாகா (மின் நிறுவன) மின்சாரம் 230 வோல்ட். வீட்டு டிபி பெட்டியில் (மெயின் சுவிட்ச் பெட்டி) அதற்குரிய சுவிட்சை இறக்கிவிட்டு, பெட்டிக்குள் 230 வோல்ட் பக்கம் உண்மையிலேயே செத்திருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறமும் பேட்டரி உயிரோடுதான் இருக்கும். 7 ஏஎச் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்குருடிரைவர் விழுந்தால் தீப்பொறி பறக்கும், மெல்லிய வயராக இருந்தால் உறையே உருகிவிடும். சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். இஎஸ்பிக்குப் போகும் 12 வோல்ட் வயரில், அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே, 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். 230 வோல்ட் பக்கம் வயர் மாற்றுவது, புதுப் பாயின்ட் இழுப்பது எல்லாம் லைசன்ஸ் உள்ள வயர்மேன் வேலை. அதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது கோளாறு கேட் போர்டிலா, உங்கள் பக்கத்திலா என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் வயர் போதும். கேட் போர்டில் சுவர் பட்டன் மாட்டுவதற்கென்று இரண்டு முனை இருக்கும், பெரும்பாலும் 'பிபி' அல்லது 'புஷ்' என்றும், பக்கத்தில் 'காம்' அல்லது 'ஜிஎன்டி' என்றும் எழுதியிருக்கும். உங்கள் ரிலேயிலிருந்து அங்கே வரும் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியையும் கரண்டையும் மறுபடி கொடுத்து, கேட் ஓடும் பாதையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டு முனையையும் வயர்த் துண்டால் அரை வினாடி தொட்டு எடுங்கள். தொடும்போதெல்லாம் கேட் தவறாமல் நகர்ந்தால் கேட் போர்டு நல்லது. அடுத்து வயரை மறுபடி கேட் போர்டில் மாட்டி, ரிலே பக்கத்து முனை இரண்டையும் கையால் தொட வையுங்கள். இப்போதும் நகர்ந்தால் இடையில் உள்ள வயரும் நல்லது, கோளாறு ரிலேயிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. இங்கே நகராமல் போனால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஸ்குரூ வயரைப் பிடிக்காமல் உறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் வயர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இழுத்தால் வராது, ஆனால் செம்பு ஸ்குரூவைத் தொட்டிருக்காது.

ரிலே முனைகளையும் ஒரு முறை சரிபாருங்கள். கேட் போர்டுக்குப் போகும் இரண்டு வயரும் 'காம்' (பொது முனை), 'என்ஓ' (ரிலே பிடித்தால் மட்டும் காமோடு சேரும் முனை) இரண்டிலும் இருக்க வேண்டும். ரிலே பிடிக்காதபோதே சேர்ந்திருக்கும் 'என்சி'யில் மாட்டினால் பட்டனை யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக கேட் போர்டு நினைத்துக்கொள்ளும், பல போர்டுகளில் ரிமோட்டுகூட வேலை செய்யாது. வயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ரிலே 'டிக்' என்னும்போது காம், என்ஓ இடையே பீப் வருகிறதா பாருங்கள். ரிலே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதும் முக்கியம். 50 மில்லி விநாடித் தொடுதலைப் பல கேட் போர்டுகள் தூசி என்று தள்ளிவிடும். 400, 500 மில்லி விநாடி வைத்தால் பெரும்பாலான போர்டுகள் ஏற்கும். அப்புறம், மோட்டாரின் கரண்டை இந்த ரிலே வழியாக விடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டாரை ஓட்டுவது, முட்டினால் நிறுத்துவது எல்லாம் கேட் போர்டின் பொறுப்பு. உங்கள் ரிலே ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

இதே வேலையை மேலே தூக்கும் கராஜ் கதவில் செய்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் மோட்டாரில் 'லேர்ன்' பட்டன் மஞ்சள் நிறமாக இருந்தால் மேலே சொன்ன வயர்த் துண்டு சோதனை பலிக்காது. அது செக்யூரிட்டி பிளஸ் 2.0 வகை. சுவர் பட்டனுக்குப் போகும் இரண்டு வயரிலும் அங்கே டிஜிட்டல் தகவல் ஓடுகிறது, வெறும் தொடுதலை அது கண்டுகொள்ளாது. அந்த மோட்டாருக்குரிய சுவர் பட்டன் ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சின் கால்களில் ரிலேயின் காம், என்ஓ இரண்டையும் சால்டர் செய்ய வேண்டும்.

இனி உங்கள் முதல் தொல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இஎஸ்பி கேட் போர்டின் 12 வோல்ட்டில் ஓடுகிறது. பின்னால் பேட்டரி இருக்கிறது. அப்படியென்றால் தெனாகா கரண்டு போனால் இஎஸ்பிக்குத் தெரியவே கூடாது. ஆனால் உங்களுடையது அணைகிறது, கரண்டு வந்ததும் எழுகிறது, எழும்போது ரிலே துள்ளுகிறது. ஆகவே பேட்டரி செத்துவிட்டது, அல்லது செத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது இஎஸ்பி ரீஸ்டார்ட் ஆவதற்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் தொல்லையும் இரண்டாவது தொல்லையும் ஒரே வேரிலிருந்துதான் கிளம்புகின்றன.

அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்டு இருக்கும்போது பேட்டரி முனையில் 13.6 முதல் 13.8 வோல்ட் இருக்க வேண்டும்; அதுதான் சார்ஜர் அதைத் தாங்கிப் பிடிக்கும் அளவு. டிபி சுவிட்சை இறக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6-க்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது ரிமோட்டை அழுத்தி, மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் மீட்டரைப் பாருங்கள். 10.5-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை நம்பாதீர்கள். மீட்டரில் 'மின்-மாக்ஸ்' பட்டன் இருந்தால் அதை அழுத்தி வையுங்கள், கண்ணால் பிடிக்க முடியாத பள்ளத்தைக்கூட அது ஓரளவு பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் இந்த வகை பேட்டரி அட்டையில் போட்டிருக்கும் ஆயுளுக்கு வராது. சுற்றியுள்ள சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு.

பேட்டரி நல்லதாக இருந்தாலும் அந்த 7805-ஐ எடுத்துவிடுங்கள். அது 13.8 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 8.8 வோல்ட்டைச் சூடாக்கியே தீர்க்கிறது. இஎஸ்பியும் ரிலேயும் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் 2.2 வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல், மூடிய பெட்டிக்குள், மதிய வெயிலில், அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி எழும். காலையில் ஒழுங்காக ஓடி மதியத்தில் மட்டும் தொல்லை தருகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பதில், அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 போட்ட பக் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். இஎஸ்பியை மாட்டும் முன்பே அதன் திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும்போது அது என்ன அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது, 12 வோல்ட் அப்படியே உள்ளே போய் போர்டு வெந்துவிடும். இஎஸ்பி வைஃபையில் பேசும் கணத்தில் சட்டென்று அதிகமாக இழுக்கும். அதனால்தான் அதைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனமே 500 மில்லி ஆம்பியருக்குக் குறையாத சப்ளை கேட்கிறது. போர்டின் 5 வோல்ட் முனைக்கும் ஜிஎன்டிக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து, போடுங்கள்.

கன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.086 ஓம். இஎஸ்பியை கேட் பெட்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி போர்ச்சில் வைத்து, அங்கே 5 வோல்ட்டாக அனுப்பினால் போக வர 20 மீட்டர், 1.7 ஓம். அரை ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4.1 வோல்ட்தான் போய்ச் சேரும். இஎஸ்பி போர்டின் மேல் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் தேவை, 3.3 வோல்ட் நிற்காமல் சரியும். இஎஸ்பியின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு வரி வந்து ரீஸ்டார்ட் ஆனால் இப்படி வோல்ட் சரிந்ததுதான் காரணம், புரோகிராம் இல்லை. ஆகவே நெடுந்தூரம் போவதை 12 வோல்ட்டாக அனுப்பி, இஎஸ்பிக்குப் பக்கத்தில் 5 ஆக்குங்கள். அளக்கும்போதும் கன்வெர்ட்டர் வாயில் அளக்காமல் இஎஸ்பியின் 5 வோல்ட் காலிலேயே அளந்து பாருங்கள். பிரெட்போர்டும் ஜம்பர் வயரும் மேசை மேல் சோதிக்கத்தான். கேட் ஓடும் அதிர்விலும் ஈரத்திலும் அவை நாளடைவில் தளர்ந்து கறுத்துவிடும். டாட்போர்டில் சால்டர் செய்து, ஸ்குரூ டெர்மினல் வையுங்கள்.

சரி, சப்ளையைத் திருத்திய பிறகும் இஎஸ்பி என்றாவது ஒரு நாள் ரீஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். அப்போது கேட் திறக்கக் கூடாது. வீட்டில் யாரும் இல்லாதபோது, பாதி ராத்திரியில் கேட் திறந்து கிடப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே ரிலேயைக் கவனமாகப் பார்ப்போம்.

ஐஎன் முனை கீழே, அதாவது பூஜ்யத்துக்குப் போனால் பிடிப்பது லோ டிரிகர் ரிலே. இஎஸ்பி எழும்போது கால்கள் முதலில் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். புரோகிராமில் 'இந்தக் கால் அவுட்புட்' என்று சொன்ன கணத்தில் அது பூஜ்யத்துக்குப் போகும், அடுத்த வரியில்தான் நீங்கள் அதை மேலே தூக்குகிறீர்கள். இடைவெளி மிகச் சிறியதுதான். ஆனால் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் வைஃபை சேரும் வரை காத்திருக்கும் வரியை யாராவது எழுதியிருந்தால் ரிலே விநாடிக் கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்கும். உங்கள் புரோகிராமில் இதை ஒரு பார்வை பாருங்கள்.

ஜிபிஐஓ 12 வேறு ஒரு வகையில் வம்பு. இஎஸ்பி32 எழும்போது அந்தக் காலைப் பார்த்துத்தான் ஃபிளாஷ் மெமரிக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா 1.8 கொடுப்பதா என்று முடிவு செய்கிறது. கால் மேலே இருந்தால் 1.8 கொடுத்துவிடும், மெமரி படிக்காது, போர்டு எழாது. லோ டிரிகர் ரிலே மாட்யூலோ தன் 5 வோல்ட்டிலிருந்து எல்இடி வழியாக அந்தக் காலை மேலே இழுத்துப் பிடிக்கிறது. இழுப்பு பாதியில் நிற்பதால் சில தடவை எழும், சில தடவை எழாது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் உயிர் வருகிறது என்று சொன்னீர்களே, அதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உறுதி செய்வது சுலபம்: ஐஎன் வயரை ஜிபிஐஓ 12-இலிருந்து கழற்றிவிட்டுப் பல முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். தவறாமல் எழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. 0, 2, 5, 12, 15 ஆகிய கால்கள் எல்லாவற்றுக்கும் இஎஸ்பி32 எழும் நேரத்தில் தனி வேலை இருக்கிறது. கதவு, கேட் போன்றவற்றுக்கு அவற்றை எடுக்காதீர்கள். 25, 26, 27, 32, 33 நல்லவை.

ரிலேயை ஜிபிஐஓ 26-க்கு மாற்றுங்கள். உங்கள் மாட்யூலில் 'எச்', 'எல்' என்று ஒரு மஞ்சள் ஜம்பர் இருந்தால் அதை எச் பக்கம் போட்டு, ஐஎன் முனைக்கும் ஜிஎன்டிக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சால்டர் செய்யுங்கள். கால் மிதக்கும்போது அந்த ரெசிஸ்டர் அதைக் கீழே பிடித்துக்கொள்ளும், ரிலே அசையாது. புரோகிராமிலும் அதற்கேற்ப உயர்ந்தால் பிடிக்கும்படி மாற்ற வேண்டும், மறக்க வேண்டாம். எச், எல் ஜம்பர் இல்லாத வகையாக இருந்து, 'ஜேடி-விசிசி' என்ற முனை இருந்தால், அதை விசிசியோடு சேர்க்கும் ஜம்பரை எடுத்துவிட்டு ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும் விசிசிக்கு இஎஸ்பியின் 3.3 வோல்ட்டும் கொடுங்கள். 5 வோல்ட் மாட்யூலை 3.3 வோல்ட் கால் முழுதாக அணைக்க முடியாமல் ரிலே அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் தொல்லையும் இதில் தீரும்.

இதற்குப் பிறகும் கரண்டு வந்ததும் கேட் திறந்தால்? கேட் போர்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு ரிலேயின் சின்ன விளக்கை மட்டும் பாருங்கள். சப்ளை கொடுத்த உடனே மின்னினால் கோளாறு இன்னும் காலில்தான். பல விநாடி கழித்து, வைஃபை சேர்ந்த பிறகு மின்னினால் கட்டளை வெளியிலிருந்து வருகிறது. புரோக்கர் என்ற நடு சர்வர் வழியாகச் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'திற' என்ற செய்தியை 'ரிடெய்ன்' போட்டு அனுப்பியிருந்தால் புரோக்கர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இஎஸ்பி எப்போது திரும்பச் சேர்ந்தாலும் மறுபடி கொடுக்கும். நிலைமையைச் சொல்லும் செய்திக்கு ரிடெய்ன் சரி. கட்டளைக்கு ஒருபோதும் கூடாது.

மூன்றாவது தொல்லை, மழை. இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள கால்கள் உள்ளே வாங்க மட்டும்தான். அவற்றுக்கு உள்ளே புல்-அப் ரெசிஸ்டர், அதாவது காலை 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர், கிடையாது. புரோகிராமில் 'இன்புட் புல்-அப்' என்று எழுதினாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே கேட் திறந்து ரீட் சுவிட்ச் விலகும் போதெல்லாம் உங்கள் 12 மீட்டர் வயரும் காற்றில் மிதக்கும் ஒரு ஏரியல்தான். அதுவும் மோட்டார் வயரோடு ஒட்டி ஓடுகிறது. பரிசோதிக்க, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வயரின் உறையைக் கையால் பிடித்து விடுங்கள். கைப்பேசியில் திறப்பு, மூடல் என்று மாறி மாறி வந்தால் இதுதான் கதை.

ரீட் சுவிட்சை ஜிபிஐஓ 32-க்கு மாற்றுங்கள். அங்கே உள் புல்-அப் உண்டு, ஆனால் அது சுமார் 45 கிலோ ஓம், நீளமான வெளி வயருக்கு மிகவும் பலவீனம். மழை எப்படி உள்ளே வருகிறது என்று கணக்கிலேயே பார்க்கலாம். வயர் ஜாயின்ட் ஒன்று நனைந்து, இரண்டு செம்புக்கும் இடையே 50 கிலோ ஓம் கசிவு வந்துவிட்டது என்று வையுங்கள். 45 கிலோ ஓம் புல்-அப் இருந்தால் காலில் 1.7 வோல்ட்தான் இருக்கும். அது மேலும் இல்லை கீழும் இல்லை, இஎஸ்பி குழம்பும். அதே கசிவோடு, வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்குப் போட்டால் காலில் 3 வோல்ட் நிற்கும், குழப்பமே இல்லை. ஆகவே 4.7 கிலோ ஓம் ஒன்று 3.3-க்கு, 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று ஜிஎன்டிக்கு, வயர் உள்ளே வரும் இடத்தில் 1 கிலோ ஓம் ஒன்று தொடராக. மூன்றையும் இஎஸ்பிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். புரோகிராமில் 50 மில்லி விநாடி ஒரே நிலையில் இருந்தால்தான் நம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் தொல்லை மூடியிருக்கும் கேட்டைத் திறந்ததாகக் காட்டுவது. கசிவு மட்டும் அதைச் செய்யாது. கசிவு இரண்டு வயரையும் சேர்க்குமே தவிர பிரிக்காது. மூடியிருக்கும்போது சுவிட்ச் சேர்ந்திருக்க வேண்டும், அது மழையில் பிரிகிறது. ஆகவே எங்கோ ஒரு ஜாயின்ட் பச்சை பிடித்து அரித்திருக்கிறது, அல்லது காந்தம் விளிம்பில் நிற்கிறது. இரும்பு கேட்டின் மேல் காந்தத்தை நேரே திருகினால் இரும்பு அதன் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். நடுவே அரை அங்குலம் பிளாஸ்டிக்கோ மரமோ வைத்துத் திருகுங்கள். இரும்பு கேட்டுக்கென்றே பெரிய இடைவெளி தாங்கும் ரீட் சுவிட்ச் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டின் உருளை தேய்ந்து கேட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மூடும் இடம் ஒரு விரல் தள்ளிப் போகும். மூடிய நிலையில் கேட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், நிலைமை மாறினால் காந்தத்தை நகர்த்துங்கள்.

ஜாயின்ட்டைத் திறந்து பார்க்கும்போது செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் பளபளக்கும் வரை வெட்டித் தள்ளுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊர் மழைக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது. சால்டர் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், அல்லது ஜெல் நிரப்பிய கனெக்டர். சிலிகோன் பூசுவதாக இருந்தால் காடி வாசம் அடிக்கும் வகையைப் பூசாதீர்கள். அந்த அமிலமே செம்பை அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். வயருக்கு வெளியில் இழுக்கும் லான் கேபிள் நல்லது. அதில் முறுக்கியிருக்கும் ஒரே ஜோடியின் இரண்டு இழையையும் ஒரு சுவிட்சுக்குக் கொடுங்கள், ஒன்றில் ஒன்றும் இன்னொன்றில் ஒன்றுமாக எடுத்தால் முறுக்கின் பயனே போய்விடும். முடிந்தால் மோட்டார் பைப்பை விட்டு வேறு பைப்பில் இழுங்கள். மூடினால் சுவிட்ச் சேரும்படி வைத்திருப்பது சரியான முறைதான், மாற்ற வேண்டாம். வயர் அறுந்தால் 'திறந்திருக்கிறது' என்று காட்டும், நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எறும்புக்கும் பல்லிக்கும் கேட் பெட்டி சூடான, மழை படாத வீடு. டெர்மினலுக்குக் குறுக்கே கருகிக் கிடக்கும் பல்லியை எடுத்துப் போட்டதும் கேட் ஓடிய வீடுகள் உண்டு. வயர் எல்லாம் பெட்டியின் அடியிலிருந்து கேபிள் கிளாண்டு வழியாக நுழையட்டும். நுழையும் முன் ஒவ்வொன்றும் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மிஞ்சிய துளைகளை அடைத்துவிடுங்கள். இஎஸ்பியை அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் வைஃபை திணறும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தனியாக மாட்டிவிடுங்கள்.

இடியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலான பிற்பகல்களில் நம் பக்கம் இடி இறங்குகிறது. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீளமான வயரில் ஒரு அடி வரும், இஎஸ்பியின் ஒரு கால் மட்டும் செத்து மற்றதெல்லாம் ஓடும். இடிக்குப் பிறகு ரீட் சுவிட்ச் ஒரே நிலையில் நின்றுவிட்டால் வேறு காலுக்கு மாற்றிப் பாருங்கள். அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இங்கேயும் உதவும். 12 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் திடீர் வோல்ட் அடியை வாங்கிக்கொள்ளும் டிவிஎஸ் டையோடு ஒன்று போட்டால் இன்னும் நல்லது. நேரே விழும் இடியை இவை எதுவும் தடுக்காது. வீட்டுக்கும் கேட்டுக்கும் இடையே தகவலுக்கு வயர் இழுக்காமல் வைஃபையிலேயே விட்டிருக்கிறீர்கள், அது நல்ல முடிவு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாதையில் யாராவது குறுக்கே வந்தால் கண்டுகொள்ளும் கேட்டின் இன்ஃப்ராரெட் சென்சாரைப் பாதுகாப்பாக மாட்டி, அது கேட் போர்டோடு நேரே பேசும்படி விடுங்கள்; உங்கள் இஎஸ்பி வழியாக அதைத் திருப்பாதீர்கள். உங்கள் தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் நேரத்தில் நீங்கள் ஈப்போவில் இருந்துகொண்டு கைப்பேசியில் கேட்டை மூடுவீர்கள். ஒற்றைப் பட்டன் கேட் போர்டு ஒவ்வொரு அழுத்தலுக்கும் திற, நில், மூடு, நில் என்று முறை மாறிப் போகும், தொலைவிலிருந்து அடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே முழுதாகத் திறந்த இடத்திலும் இன்னொரு ரீட் சுவிட்ச் வையுங்கள். அது இல்லாத வரை தொலைவிலிருந்து மூடும் வசதியை நிறுத்தி வையுங்கள். மேனுவல் ரிலீஸ் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்று வீட்டில் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாமான் எல்லாம் ஈப்போவிலேயே கிடைக்கும், கோலாலம்பூர் போனால் ஜாலான் பாசாரில் ஒரே தெருவில் வாங்கிவிடலாம். ஆனால் வாங்கப் போகும் முன் மூன்று அளவு எடுத்து எழுதுங்கள்: கரண்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து பேட்டரியின் வோல்ட், மோட்டார் கிளம்பும் நொடியில் அதே முனையின் வோல்ட், அதே நொடியில் இஎஸ்பியின் 5 வோல்ட் காலில் என்ன இருக்கிறது. ஐஎன் வயரைக் கழற்றிய பிறகு போர்டு தவறாமல் எழுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு பேட்டரி மாற்ற வேண்டுமா, கன்வெர்ட்டர் மட்டும் போதுமா என்று சொல்கிறேன்.